இறைத்த தண்ணீரையே இறைத்தோம்

யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது. அங்கே தண்ணீர் எப்போதும் கீழேதான் இருக்கும். வேண்டுமானால் நாங்கள்தான் குனிந்து, கயிறு விட்டு, மூச்சு வாங்கி மேலே கொண்டுவர வேண்டும். கூப்பிடாமல் தானாகவே ஏறிவந்து வீட்டுக்குள் நிற்கிற தண்ணீரை ஊரில் ஒருவரும் எனக்கு அறிமுகப்படுத்தி வைக்கவில்லை. அந்த அறிமுகம் மொன்றியலில், ரொக்ஸ்பரோவில், ஒரு ஏப்ரல் மாதம் நடந்தது. ஊரில் சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

இத்தனைக்கும் நான் ஊரில் ஒரு தண்ணீர்க் கந்தோரில் கிளாக்காக இருந்தவன். குழாய்களைப் பற்றி வந்த முறைப்பாடுகளை ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாற்றுவது என் வேலை. ஒரு குழாயையும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் தண்ணீர் பற்றி யார் கதைத்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே நுழைவேன். என் மனைவி இதை மறந்தவளில்லை.

இங்கே நவம்பர் தொடக்கம் கொட்டுகிற பனி எங்கேயும் போய்விடுவதில்லை. அது கூரையில் இருக்கிறது, புல்லுக்கு மேலே இருக்கிறது, வழித்துத் தள்ளுகிற வண்டி தெருவோரம் குவித்த கறுத்த மலைகளில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓடுகிற ஆற்றின் மேலே பாளம் பாளமாக இருக்கிறது. ஏப்ரலில் வெயில் தொடர்ந்து நாலைந்து நாள் எறித்தால் எல்லாமே ஒரேயடியாகக் கரையத் தொடங்கும். ஆற்றில் பனிக்கட்டி உடைகிற சத்தம், யாரோ பக்கத்து வீட்டில் அலுமாரியை இழுப்பதுபோலக் கேட்கும். மேலே இவ்வளவு தண்ணீர், கீழே நிலமோ இன்னும் கல்லாக உறைந்து கிடக்கும். போக இடமில்லாத தண்ணீர் வேறென்ன செய்யும். வீடு பார்க்கும்.

எங்கள் பேஸ்மென்டில் மச்சான் குடியிருந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஊரில் மனைவியையும் தவழ்கிற பிள்ளையையும் விட்டுவிட்டு அகதியாக வந்தவன். அந்தப் பிள்ளை எழும்பி நடந்து, பள்ளிக்கூடம் போய், வாய்ப்பாடு சொல்லுகிற காலம் வந்தும் அவர்களைக் கூப்பிடுகிற அலுவல் முடியவில்லை. டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்டின் குசினியில் நானும் அவனும் வேலை. நான் அவனுக்கு சீனியர். அதாவது நான் பெரிய சட்டிகளைக் கழுவுவேன், அவன் கோப்பைகளைக் கழுவுவான். கடை பூட்டி, நிலம் கழுவி முடித்து, முதல் ரயிலில் நித்திரை தூங்கிக்கொண்டு வந்து ரொக்ஸ்பரோ ஸ்டேஷனில் இறங்குவோம். இரண்டு தரம் நான் இறங்காமல் ஆற்றையும் கடந்து போயிருக்கிறேன்.

கடைசியில் விசா வந்தது. பயணம் ஒரு சனிக்கிழமைக்கு என்று முடிவானது. அன்றிலிருந்து மச்சான் மனிதனாக இல்லை. பேஸ்மென்டுச் சுவருக்கு வெளிர் மஞ்சள் பூசினான். நீலக் கார்ப்பெட் போட்டான். பிள்ளைக்குச் சின்னக் கட்டில் ஒன்று வாங்கிவந்து, அதைப் பூட்டத் தெரியாமல் இரண்டு தரம் தலைகீழாகப் பூட்டினான். பேஸ்மென்டின் ஜன்னல் நிலமட்டத்தில் இருக்கும். உள்ளே நின்று பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துத்தான் தெரியும். அதற்கும் பூப்போட்ட திரை தைப்பித்தான். டெலிபோனில் மனைவிக்கு அவன் சொன்னது, கீழ் வீடு முழுக்க எங்களுக்குத்தான் என்று. சொன்னதில் பெரிய பொய் ஒன்றுமில்லை. எவ்வளவு கீழே என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

இதற்குள் ரொறன்ரோவிலிருந்து மச்சானின் மனைவியின் அண்ணை அவனுக்கு டெலிபோன் எடுத்தார். பதினாலாம் மாடியில் அபார்ட்மென்ட், சொந்தமாக ஒரு வான் வண்டி, தொழிற்சாலையில் சூப்பர்வைசர் உத்தியோகம். அவர் சாதாரணமாகக் கதைத்தாலே மேலேயிருந்து கதைப்பதுபோல இருக்கும்.

"நான் வான் கொண்டு வாறன். தங்கச்சி வந்து இறங்கினதும் இருக்கிற இடத்தைப் பாப்பம். சரியில்லையெண்டால் அவையைக் கையோடை கூட்டிக்கொண்டு போறன். நீரும் வந்து ஏறும். அந்தப் பிரெஞ்சுக்குள்ளை கிடந்து என்னத்தைக் கண்டனீர்?"

மொன்றியல் தமிழர் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன குடும்பம் அடுத்த மாதம் ரொறன்ரோவில் இருக்கும். சும்மா ஒருக்கால் பார்த்துவிட்டு வாறம் என்று போவார்கள். பேந்து கலியாண வீட்டில்தான் காணலாம்.

அன்று மச்சான் ரிசீவரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"அத்தான், இஞ்சை எனக்கு ஒரு கதவெண்டாலும் இருக்கு. சாத்தினால் சாத்துப்படும். அங்கை போனால் அவையின்ரை ஹோலிலை சோபாதான். என்ரை பிள்ளை வந்து முதல் முதலாப் பாக்கிறது ஆரின்ரையோ சோபாவிலை சுருண்டு கிடக்கிற அப்பனையோ?"

"அவர் குறை சொல்லுறதுக்கு இஞ்சை என்ன இருக்கு?" என்றேன் நான். "கார்ப்பெட் இருக்கு. திரை இருக்கு. தண்ணி வசதி இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை வேலை முடிந்து வந்தேன். மச்சான் அந்தக் கிழமை முழுக்க லீவு. கதவைத் திறந்தால் என் மனைவி படியின் உச்சியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்திட்டார் தண்ணிக் கந்தோர் ஐயா. கீழை போய்ப் பாருங்கோ, உங்கடை கந்தோர் முழுக்க வந்து நிக்குது."

கீழே மச்சான் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். நீலக் கார்ப்பெட் இப்போது உண்மையாகவே கடல்போல இருந்தது. நடுவில் எழும்பி, அமிழ்ந்து, மூச்சு விட்டது. மூலையில் நிலத்துக்குள் ஒரு குழியும் அதற்குள் ஒரு பம்பும் உண்டு. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் இருக்கும். சுவருக்கு வெளியே ஊறுகிற தண்ணீர் குழிக்குள் இறங்க, பம்ப் அதை ஹோஸால் வெளியே தள்ளவேண்டும். பம்ப் நிற்காமல் இரைந்துகொண்டுதான் இருந்தது. என் உறவினர் சிலரைப்போல, சத்தத்துக்குக் குறைவில்லை.

"எப்ப தொடங்கினது?"

"விடிய எழும்பிக் காலை நிலத்திலை வைக்கச் சில்லெண்டுது. கனவெண்டு நினைச்சன்."

"ரொறன்ரோ அண்ணருக்குச் சொன்னனியோ?"

"சொன்னால் அவர் இண்டைக்கே வந்திடுவார், அத்தான்."

இதற்கு ஆள் பிடிக்கலாம் என்று மனைவி சொன்னாள். டெலிபோன் எடுத்தோம். அந்தக் கிழமை மொன்றியல் தீவு முழுக்க இதே கதைதான். எங்கள் முறை வரத் திங்கட்கிழமை ஆகும் என்று பிரெஞ்சில் சொன்னார்கள். எனக்கு விளங்கிய பிரெஞ்சு வாக்கியங்களில் அதுவும் ஒன்று. திங்கட்கிழமை நெற்றியில் எழுதின எழுத்தைப் போன்றது, மாற்ற முடியாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சனிக்கிழமையை.

சரி, தண்ணீர்தானே. இறைக்கத் தெரியாத யாழ்ப்பாணத்தானா. மச்சான் கீழே நின்று வாளியில் அள்ளி ஜன்னலால் நீட்டுவான். நான் வெளியே பனிக்குள் குந்தியிருந்து வாங்கி ஊற்றுவேன். ஜன்னலுக்கு நேரே வெளியே என் தோட்டப் பாத்தி இருந்தது. கையை நீட்டினால் பாத்தி. ஊற்றிவிட்டு வெறும் வாளியை உள்ளே விடுவேன், அடுத்த வாளி வரும். நீளக் காற்சட்டைக்கு மேலே சாரமும், அதற்கு மேலே குளிர் ஜக்கெட்டும், தலையில் மனைவியின் கம்பளித் தொப்பியுமாக நான் இருந்தேன். தெருவால் போன ஒரு பிள்ளை தாயிடம் என்னைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டது. தாய் பிள்ளையைக் கெதியாக இழுத்துக்கொண்டு போனாள்.

வியாழன் முழுக்க இறைத்தோம். பின்னேரம் பார்த்தால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது.

"வத்தின மாதிரி இருக்குதோ?" என்று நான் ஜன்னலால் கேட்டேன்.

"ஓம் அத்தான். கொஞ்சம் வத்தினதுதான்."

"எவ்வளவு?"

"உங்கடை மனம் ஆறுற அளவுக்கு."

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. வருத்தம் என்று சொன்னேன், பொய்யில்லை. இடுப்பு எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே நித்திரையாகி விட்டேனாம். மனைவி என் கையைக் கழுவிவிட்டு அப்படியே சாய்த்து விட்டாள். விடியப் பார்த்தால் நகங்களுக்குள் பருப்பு.

வெள்ளிக்கிழமை மறுபடி. உடம்பு களைத்தால் வாய் கூடும். அது எங்கள் பரம்பரை வருத்தம்.

"தம்பி, இது கீரிமலை ஊற்று. கேணி தேடி அலைஞ்சு கடைசியாக எங்கடை வீட்டை வந்திட்டுது."

"ஆடி அமாவாசைக்குச் சனம் தீர்த்தமாட வரும், அத்தான். நீங்கள்தான் ஐயர்."

"பூணூலுக்கு எங்கை போறது?"

"ஹோஸ் கிடக்கு."

இப்படிக் கதைத்துக்கொண்டே வாளி மாறியது. நடுவில் கதை நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜன்னலால் இரண்டு கைகள் மட்டும் வரும், விரல் நுனிகள் ஊறி வெளுத்துப்போய். ஒருதரம் வாளி வரவில்லை. குனிந்து பார்த்தேன். மச்சான் பிள்ளையின் கட்டிலில் இருந்தான். கால்கள் தண்ணீருக்குள்.

"நான் அண்ணரையே அவையை ஏத்திக்கொண்டு போகச் சொல்லட்டோ, அத்தான்?"

"நாளைக்குப் பின்னேரம்தானே பிளேன் வருகுது. இன்னும் கிடக்கு நேரம்."

"எனக்கு ஏலாமல் கிடக்கு."

"எனக்கும்தான். வாளியைத் தா."

தந்தான்.

மத்தியானம் போல மனைவி தன் சாமான்களைக் காப்பாற்ற இறங்கினாள். கீழே படிக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டாவது குசினி. மீன் பொரிக்கிறதும் தூள் வறுக்கிறதும் அங்கேதான், மேலே மணக்கக்கூடாது என்பதற்காக. ஊரிலிருந்து ஆள் மூலம் வந்த மிளகாய்த்தூள் பெரிய பொதியாக அங்கே இருந்தது. தம்பி பெண்சாதி வந்து இறங்குகிற அன்றைக்கு ஊர்த்தூளில் கறி வைக்கவேண்டும் என்று ஆசை. பொதியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தாள். கார்ப்பெட் நீருக்குள் சுருண்டு கிடந்தது அவள் காலுக்குத் தெரியாது. அவள் விழவில்லை. தூள் விழுந்தது.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் தும்முகிற சத்தம்தான். பேந்து அந்தச் சிவப்புத் தண்ணீரையும் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினோம். பாத்தியைச் சுற்றியிருந்த பனி முழுக்கச் சிவந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு குந்தியிருக்க, வேலிக்கு அப்பால் இருக்கிற கிழவி கதவைத் திறந்தாள். எங்கள் ஆட்டிறைச்சிப் பிரியம் பற்றி அவளுக்கு ஏற்கெனவே ஒரு ஐமிச்சம் உண்டு. சிவந்த பனியைப் பார்த்தாள், என் சிவந்த கண்ணைப் பார்த்தாள், சாரத்தைப் பார்த்தாள்.

"போன்ஜூர், மதாம்," என்றேன். "பிமான்."

மிளகாய்க்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அதுதான். கிழவி நம்பினதாகத் தெரியவில்லை. உள்ளே போய்த் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். அப்போதுதான் மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. இஞ்சை ஒருக்கால் வாருங்கோ."

அவள் அப்படி மெதுவாகக் கூப்பிட்டால் ஆபத்து. இறங்கினேன். ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் சுவரில் மயிர் போல ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு சுவர் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னுக்குப் போனான்.

"அக்கா, சுவர் ரத்தம் கக்குது."

அவள் விரலில் தொட்டு மணந்து பார்த்தாள்.

"இது என்ரை தூள்."

"எப்பிடிச் சொல்லுறாய்?" என்றேன்.

"என்ரை தூளின்ரை வாசம் எனக்குத் தெரியாதோ? இது இப்ப வெளியிலை ஊத்தின தூள். திரும்பி வருகுது." என்னைப் பார்த்தாள். "நீங்கள் எங்கை ஊத்துறியள்?"

"பாத்திக்குள்ளை."

"ரெண்டு நாளாகவோ?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் பம்பைப் பார்த்தான். பம்ப் மட்டும் இரைந்தது.

"பம்பின்ரை ஹோஸ் எங்கை போகுது?"

அதுவும் பாத்திக்குள்தான் போனது. வீட்டை வாங்கியபோது அந்த ஹோஸ் நீளமாகத் தெருவோரம்வரை போயிருந்தது. நல்ல தண்ணீரை ரோட்டுக்கு விடுகிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. முதல் கோடையிலேயே அதைக் கழற்றி, ஒரு துண்டு ஹோஸால் கத்தரிக்கும் வெண்டிக்கும் திருப்பிவிட்டேன். பாத்தியும் சும்மா பாத்தியில்லை. நானும் மச்சானும் போன கோடையில் ஒரு கிழமை பாடுபட்டு, ஊரில்போல மண்ணைத் தாழ்த்தி, மூன்று பக்கமும் வரம்பு கட்டி எழுப்பியது. நாலாவது பக்கத்துக்கு வரம்பு தேவைப்படவில்லை. அங்கே வீட்டுச் சுவர் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது என்று வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். போகவுமில்லை.

இந்த ஊரில் வீட்டைச் சுற்றி நிலம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கவேண்டும், தண்ணீர் சுவரை விட்டு ஓடவேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். நாங்கள் சுவரோடு ஒட்டி ஒரு குளம் கட்டியிருக்கிறோம். கூரைப்பனி கரைந்து அதற்குள் விழுந்தது. பம்ப் அதற்குள் ஊற்றியது. நாங்கள் அதற்குள் ஊற்றினோம். கீழே நிலம் உறைந்து கிடந்ததால் தண்ணீருக்குத் தெரிந்த ஒரே வழி சுவரோரமாக இறங்கி மறுபடி வீட்டுக்குள் வருவது. இரண்டு நாளாக நாங்கள் அதே தண்ணீரைத்தான் வட்டம் வட்டமாக இறைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீருக்கே எங்கள் முகம் பழகியிருக்கும்.

மச்சான் சிரிக்கத் தொடங்கினான். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்புத்தானா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. மனைவி அவன் முதுகில் கை வைத்தாள்.

"போய் வரம்பை வெட்டுங்கோ," என்றாள் என்னிடம்.

வெட்டுவது சுகமில்லை. மண்வெட்டியைப் போட்டால் கோயில் மணிபோலக் கேட்டது. கோடாலியால் கொத்திக் கொத்தி ஒரு வாய்க்கால் திறந்தேன். ஷெட்டில் கிடந்த பழைய நீள ஹோஸ் உறைந்து, எப்படிச் சுருட்டி வைத்தேனோ அப்படியே வளையமாக நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய், தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல உருட்டி உருட்டி இளக்கினோம். பம்பில் பூட்டி ரோட்டுவரை இழுத்துவிட்டோம். நல்ல தண்ணீர் ரோட்டில் ஓடியது. பார்க்க வயிறு எரியத்தான் செய்தது.

சனிக்கிழமை காலை சீமெந்து தெரிந்தது. அங்கங்கே தேங்கி நின்றது மட்டும்தான் மிச்சம். ஆனால் கார்ப்பெட் செத்துவிட்டது. அதை வெட்டித் துண்டு துண்டாகத் தூக்கி, முன்வாசல் பனியின் மேலே போட்டோம். மஞ்சள் பூச்சு இடுப்பளவுக்குக் கொப்பளித்திருந்தது. அறை முழுக்க ஈரநாயும் மிளகாய்த்தூளும் கலந்த மணம். பிள்ளையின் கட்டில் மட்டும் ஒன்றும் ஆகாமல் நடுவில் நின்றது. குளித்து, உடுத்து, விமான நிலையத்துக்குப் போனோம்.

ரொறன்ரோ அண்ணை எங்களுக்கு முந்தியே வந்து நின்றார். நல்ல நீளக் கோட்டு, சவரம் செய்த முகம். மச்சானுக்கும் எனக்கும் கண்கள் உள்ளே போய், கைகள் வெடித்துப்போய் இருந்தன. கதவு திறந்தது. மச்சானின் மனைவி வண்டிலைத் தள்ளிக்கொண்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வந்தாள். பக்கத்தில் பிள்ளை. பிள்ளை எங்களை வரிசையாகப் பார்த்தது. பிறகு நேரே போய் ரொறன்ரோ அண்ணையின் கோட்டைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றது.

போட்டோவில் பிள்ளை பார்த்த அப்பா இரண்டு நாள் தண்ணீர் இறைத்தவரில்லை. தாய் குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். பிள்ளை கையை விட்டது. மச்சான் முழங்காலை ஊன்றி, அந்த வெளுத்த கையை நீட்டினான். பிள்ளை கையைப் பார்த்தது, பிடிக்கவில்லை. மச்சான் எழும்பிச் சூட்கேஸைத் தூக்கினான்.

வானை வீட்டு வாசலில் நிறுத்தியபோது முன்வாசல் பனியில் கிடந்த கார்ப்பெட்டை அவள் பார்த்தாள்.

"இது என்ன?"

"தண்ணி வந்திட்டுது," என்றான் மச்சான். "கீழை. எங்கடை வீட்டுக்குள்ளை." கொஞ்சம் நிறுத்தி, "அது நிலத்துக்குக் கீழை இருக்கிற அறை. நான் உமக்கு முழுக்கச் சொல்லேல்லை," என்றான்.

ரொறன்ரோ அண்ணை சப்பாத்தைக் கழற்றாமல் நேரே கீழே இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இதுக்குள்ளை தவளைதான் சீவிக்கும். நாளைக்கு விடிய வெளிக்கிடுவம். சாமானை வானாலை இறக்காதையுங்கோ."

அவள் அண்ணையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். கொழும்பிலிருந்து எத்தனை விமானம் மாறி வந்தாளோ. நின்றபடியே கொஞ்சம் ஆடினாள்.

"எனக்கு இப்ப எங்கை படுக்கிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ," என்றாள்.

எங்கள் அறையைக் கொடுத்தோம். தாயும் பிள்ளையும் உடுப்பு மாற்றாமலே விழுந்தார்கள். என் மனைவி கதவைச் சாத்தினாள்.

ஞாயிறு விடிந்தது. ரொறன்ரோ அண்ணை குளித்து, வான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஹோல் சோபாவில் இருந்தார். கதவு திறக்கவில்லை. செருமினார். டிவியைச் சத்தமாகப் போட்டார். பிறகு எழும்பி அறைப்பக்கம் போனார். வாசலில் என் மனைவி உள்ளி உரித்துக்கொண்டு இருந்தாள்.

"மெதுவா எழுப்பி விடுங்கோவன், பிள்ளை. நாங்கள் பயணம் போகவேணும்."

"அவள் எத்தினை வருசத்து நித்திரையைக் கொள்ளுறாளோ, அண்ணை. எழுப்பக்கூடாது. பாவம் வரும்."

"எனக்குத் திங்கள் விடிய வேலை."

"அப்ப சாப்பிட்டிட்டு ஆறுதலா வெளிக்கிடுங்கோ. கறி கொதிக்குது."

மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. பிள்ளை ஒருக்கால் எழும்பி, தண்ணீர் குடித்து, மறுபடி போய்ப் படுத்தது. தாய் புரளக்கூட இல்லை. மச்சான் மேலே வரவே இல்லை. கீழே தேங்கியதைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். அவனுக்கு அவள் எழும்பினாலும் பயம், எழும்பாவிட்டாலும் பயம். கடைசியில் வெயில் சாயத் தொடங்க, ரொறன்ரோ அண்ணை கோட்டைப் போட்டார். வானிலிருந்து சூட்கேஸ்களை ஒவ்வொன்றாக இறக்கிப் படியில் வைத்தார். நான் பிடிக்கப் போனேன். விடவில்லை.

"எழும்பினால் சொல்லுங்கோ. அடுத்த கிழமை வந்து ஏத்துறன்."

வான் கரைந்த பனியைச் சிதறடித்துக்கொண்டு போனது.

அவள் எழும்பியபோது பொழுது படுகிற நேரம். முகத்தைக் கழுவினாள், அண்ணை எங்கே என்று கேட்டாள், போய்விட்டார் என்றதற்குத் தலையாட்டினாள். பிறகு யாரையும் கேளாமல் கீழே இறங்கினாள். எனக்கு மேலே நிற்க மனமில்லை, பின்னால் போனேன். கடைசிப் படியில் நின்று சுவரையும், ஜன்னலில் தொங்கிய ஈரத்திரையையும், நடுவில் நின்ற கட்டிலையும் பார்த்தாள். மச்சான் பிழிந்த துணியோடு எழும்பி நின்றான்.

"இதுதானோ?"

"ஓம்."

"தண்ணி எப்பிடி வந்தது?"

மச்சான் என்னைப் பார்த்தான்.

"நாங்கள்தான் இறைச்சனாங்கள், பிள்ளை," என்றேன்.

"வெளியிலையோ?"

"உள்ளுக்கு."

அவள் எங்கள் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிக்கவும் களைப்பாக இருந்திருக்கவேண்டும்.

"அண்ணை வீடு எத்தினையாம் மாடி?"

"பதினாலு," என்றான் மச்சான்.

"அவ்வளவு உயரத்திலை எனக்குத் தலை சுத்தும்."

சொல்லிவிட்டு நீளச் சட்டையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "தும்புத்தடி எங்கை இருக்கு?" என்றாள். மச்சான் அறையைச் சுற்றிப் பார்த்தான். நாலு நாளாக வாளி, சட்டி, ஹோஸ், கோடாலி எல்லாம் தேடியிருக்கிறோம், தும்புத்தடி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளே படிக்குக் கீழே குனிந்து கண்டுபிடித்தாள். மூலையில் நின்ற தண்ணீரைக் குழிப்பக்கமாகத் தள்ளத் தொடங்கினாள். ஒரு தரம் நிறுத்தி, "இஞ்சாருங்கோ, கட்டிலை அங்காலை பிடியுங்கோ," என்றாள். மச்சான் பாய்ந்துபோய்ப் பிடித்தான்.

நான் மேலே ஏறினேன். எங்கள் கட்டிலில் பிள்ளை கைகால் விரித்துக் கிடந்தது. ஹோலில் ரொறன்ரோ அண்ணை விட்டுப்போன சோபா வெறுமையாக இருந்தது. அதில் விழுந்தேன். கீழே தும்புத்தடி சீமெந்தில் தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது.